உறக்கத்தில் நின்ற மூச்சு

நம் நாட்டில் குறட்டையை நோயின் அறிகுறியாகக் கொள்வார் மிகச் சிலரே. உண்டபின் திண்ணையில் சாய்ந்து, தெருவெல்லாம் கேட்கக் குறட்டை விடும் பெரியவரைக் கண்டால், "கவலையற்ற மனிதர், கொடுத்துவைத்தவர்" என்று சொல்லிச் செல்வது வழக்கம். நானும் அவ்வாறே சொல்லி வந்தவன்தான். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணிபுரிந்து 2017-இல் ஓய்வு பெற்றேன். அதன்பின் நான்காம் ஆண்டில் ஓரிரவு என் மனைவி என்னை உலுக்கி எழுப்பினாள். "என்னங்க, உங்களுக்கு மூச்சே நின்னு போச்சு. இருபது எண்ணிப் பார்த்துட்டேன், வரலை" என்று சொல்லி அழுதாள். குறட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை அதற்குப் பிறகே தேடிப் படித்தேன். அது நெடுங்காலம் நகைப்பின் வரலாறாகவே இருந்தது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். படித்தவற்றுள் சிலவற்றை நேயர்கள் முன் வைக்கிறேன்.

மருத்துவ நூல்கள் இந்நோயை ஸ்லீப் ஆப்னியா என்று அழைக்கின்றன. ஆப்னியா என்பது கிரேக்கச் சொல். மூச்சின்மை என்பது அதன் பொருள். தமிழில் உறக்க மூச்சுத்தடை எனலாம். பெயரைப் போலவே, இதைப் பற்றிய பழைய குறிப்பும் கிரேக்கரிடமிருந்தே கிடைக்கின்றது. கருங்கடலின் தென்கரையில், இன்றைய துருக்கி நாட்டுப் பகுதியில், ஹெராக்ளியா என்றொரு நகர அரசு இருந்தது. கி.மு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதனை ஆண்டவன் டயோனிசியஸ் என்பான். பேருண்டியால் உடல் பருத்து, மூச்சுத் திணறலுக்கு ஆளானான். ஆழ்ந்த உறக்கத்தில் வீழ்ந்தபோதெல்லாம் நீண்ட மெல்லிய ஊசிகளை அவன் விலாவிலும் வயிற்றிலும் செலுத்துமாறு மருத்துவர் ஏற்பாடு செய்தனர். ஊசி கொழுப்பைக் கடந்து தசையைத் தொடும்போது விழித்துக்கொள்வானாம். மக்களுக்கு நீதி வழங்க அமரும்போது, முகம் மட்டும் தெரிய, உடலை ஒரு பேழையின் பின்னே மறைத்துக்கொள்வான் என்றும் எழுதியிருக்கின்றனர்.

இச்செய்தியை நமக்குத் தந்த அத்தினேயசும் ஈலியனும் அவ்வரசனுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர்கள். அளவின்றி உண்பவனுக்கு நேரும் இழிவைக் காட்டவே அவர்கள் அதனை எழுதினர் என்று தோன்றுகிறது. ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். உறங்குகின்ற அரசனை ஊசியால் குத்தி எழுப்பும் துணிவு ஒரு மருத்துவனுக்கு எளிதில் வாராது. இவனை உறங்க விட்டால் உயிருக்கு ஊறு நேரும் என்று அவர்கள் அஞ்சியிருத்தல் வேண்டும். அவ்வச்சத்திற்கு மருத்துவ நூல்களில் இடம் கிடைக்க ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாயின.

இடைக்காலத்தை விடுத்து 1836-ஆம் ஆண்டிற்கு வருவோம். சார்லஸ் டிக்கன்ஸ் அவ்வாண்டு 'பிக்விக் பேப்பர்ஸ்' என்னும் கதையைத் திங்கள்தோறும் வெளியிடத் தொடங்கினார். அதில் ஜோ என்னும் பருத்த சிறுவன் ஒருவன் வருகிறான். வண்டியில் அமர்ந்தபடி உறங்குவான், பரிமாறும்போதும் உறங்குவான். ஒரு முறை வழக்கறிஞரின் கதவை ஓயாது தட்டுகிறான். திறந்து பார்த்தால், நின்றபடியே கண்மூடியிருக்கிறான். தட்டுவதை நிறுத்தினால் தூங்கிவிடுவான் என்பதால், கதவு திறக்கும்வரை தட்டிக்கொண்டே இருக்கும்படி எசமானர் கட்டளையிட்டிருந்தாராம். உலகமே சிரித்தது. டிக்கன்சின் கண்கள் கூர்மையானவை. பருமன், குறட்டை, பகலுறக்கம் ஆகிய மூன்றையும் ஒரே உடலில் அவர் கண்டார். அவர் கண்டது பகலை மட்டுமே. ஜோவின் இரவுகள் எவ்வாறு கழிந்தன என்று கதையில் எவரும் கேட்கவில்லை.

இரவைக் கண்டவர்களும் இருந்தனர். லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் பிராட்பென்ட் 1877-இல் 'லான்செட்' இதழில் ஒரு குறிப்பு எழுதினார். முதியவர் மல்லாந்து படுத்து உரக்கக் குறட்டை விடும்போது, தொண்டையில் உள்ள தடையை மூச்சு வெல்ல முடியாமல் சிறிது நேரம் ஓசை அடங்கிவிடுவதையும், பின்னர் பெருமூச்சுடன் அத்தடை நீங்குவதையும் அவர் விளக்கினார். நோயின் உட்கருவே அதில் அடங்கியிருந்தது.

இன்னும் வியப்புக்குரியவர் லிவர்பூல் மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன். 1889-இல் லண்டன் மருத்துவர் கழகம் ஒன்றின் முன்னிலையில் அவர் ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னார். அம்மனிதர் கோழி, வாத்து விற்கும் வணிகர், வயது முப்பத்தேழு. வாங்க வந்தவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே உறங்கிவிடுவார். கால் மணி நேரம் கழித்து விழித்துப் பார்த்தால், விற்க எடுத்த வாத்து கையிலேயே இருக்கும். வாங்க வந்தவர் போய்விட்டிருப்பார். அவர் ஆழ்ந்து உறங்கும்போது தொண்டை அடைபட்டு மூச்சு முற்றிலும் நிற்பதையும், மார்பும் வயிறும் வீணே ஏறி இறங்குவதையும், முகம் நீலம் பாரிப்பதையும் கேட்டன் கண்ணாரக் கண்டு எழுதினார். இவ்வளவும் கேட்ட அவைக்கு நினைவு வந்ததோ பிக்விக் கதையின் பருத்த சிறுவன்! இந்தக் கேட்டன்தான், முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் மின்னோட்டம் இருப்பதை 1875-இலேயே கண்டறிந்தவர். பிற்காலத்தில் இந்நோயின் மறை திறந்ததும் அம்மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் கருவியாலேயே. இரண்டு திறவுகோல்களும் ஒருவர் கையிலேயே இருந்தன. இரண்டும் ஒரே பூட்டுக்கு உரியவை என்பதை அறிய அந்நாளில் வழியில்லை.

அதே 1889-ஆம் ஆண்டில் வெளிவந்த வேறொரு கட்டுரையைப் பற்றிச் சொல்லும்போது எனக்குச் சிறிது தயக்கம் உண்டாகிறது. வில்லியம் ஹில் என்னும் லண்டன் மருத்துவர், பிரிட்டிஷ் மருத்துவ இதழில், பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதற்கும் மந்தமாக இருப்பதற்கும் உரிய காரணங்கள் சிலவற்றை ஆராய்ந்து எழுதினார். மூக்கின் பின்புறத்தில் சதை வளர்ந்து அடைத்துக்கொள்ள, வாயால் மூச்சுவிட்டு, இரவில் குறட்டையும் திணறலுமாக உறங்கும் பிள்ளை பகலில் மந்தமாக இருப்பதில் வியப்பில்லை என்பது அவர் கருத்து. அடினாய்டு எனப்படும் அச்சதையைப் பற்றி டென்மார்க் நாட்டு மருத்துவர் வில்லெம் மேயர் 1868-லேயே எழுதியிருந்தார். வில்லியம் ஆஸ்லரும் 1892-இல் வெளியிட்ட புகழ்பெற்ற மருத்துவப் பாடநூலில், டான்சில் வீங்கிய குழந்தைகள் உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வாங்குவதைக் குறித்துவைத்தார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் உளவியல் படித்தேன். கற்பித்தல் முறைகள் படித்தேன். மந்தமான மாணவனுக்கு என்னென்ன செய்யலாம் என்று பக்கம் பக்கமாக எழுதித் தேறினேன். அவன் இரவில் எவ்வாறு மூச்சு விடுகிறான் என்று கேட்கும்படி எவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

1990-களின் நடுவில், காவிரிப் படுகையில் ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்துவந்தேன். ஒரு மாணவன் இரண்டாவது பீரியடிலேயே வாயைத் திறந்தபடி உறங்கிவிடுவான். மெலிந்த பையன், எப்போதும் மூக்கடைத்த குரலில் பேசுவான். நான் அவனை எழுப்பி நிறுத்தினேன். பெஞ்சின் மேல் ஏற்றினேன். ஒருநாள் "கும்பகர்ணா" என்று அழைத்தேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்று முதல் பள்ளி முழுவதும் அவனுக்கு அதுவே பெயராயிற்று. அவன் தாய் ஒருமுறை என்னைப் பார்க்க வந்து, "ராத்திரி பூரா கொர்ரு கொர்ருன்னு இழுக்குறான் சார், திடீர் திடீர்னு எந்திரிச்சு உக்காந்துக்கிறான்" என்றாள். சீக்கிரம் படுக்கவையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒன்பதாம் வகுப்பில் தேறாமல் அவன் படிப்பை விட்டான். அவனுக்கு இருந்தது இந்நோய்தான் என்று அறுதியிட நான் மருத்துவன் அல்லேன். அந்தத் தாய் சொன்னது, ஆஸ்லர் எழுதியதற்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை மட்டும் இப்போது அறிவேன்.

வரலாற்றுக்குத் திரும்புவோம். டிக்கன்சின் சிறுவன் 1956-இல் மருத்துவ இதழில் மீண்டும் தோன்றினான். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் தலைவராக இருந்த சிட்னி பர்வெலும் அவர்தம் துணைவரும் அவ்வாண்டு அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டு, நோய்க்குப் 'பிக்விக் நோய்த்தொகுதி' என்று பெயரிட்டனர். அவர்களுடைய நோயாளி ஒரு வணிக நிறுவனத்தின் உயர் அலுவலர். எடை 260 பவுண்டுக்கு மேல். வாரம் ஒருமுறை நண்பர்களுடன் போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடுவார். ஒருநாள் அவர் கைக்கு மூன்று ஏசும் இரண்டு ராஜாவும் வந்தன. அந்த ஆட்டத்தில் அது பெரும்பாலும் வெற்றிக்கை. சீட்டுகளைப் பிடித்தபடியே உறங்கிவிட்டார்; ஆட்டம் போயிற்று. சில நாட்களில் பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் வந்து சேர்ந்தார். கண்ணெதிரே குடும்பம் வருந்தியபோது வராதவர், சீட்டு தோற்றதும் வந்துவிட்டார் என்று எண்ணத் தோன்றுகிறது. மனித இயல்பு அத்தகையது.

பர்வெல் குழுவினர் அவர் இரத்தத்தைச் சோதித்து, பிராணவாயு குறைந்தும் கரியமிலவாயு மிகுந்தும் இருப்பதைக் கண்டனர். அக்கரியமிலவாயுவே பகலுறக்கத்திற்குக் காரணம் என முடிவு செய்தனர். உணவைக் குறைத்து எடை இறங்கியதும் நோயும் தணிந்தது. நேர்மையான ஆய்வு அது, ஆனால் அரைகுறையானது. கேட்டன் செய்ததைப் போல நோயாளி உறங்கும்போது அருகில் அமர்ந்து பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. பெயரோ மேலும் ஒரு தீங்கைச் செய்தது. இது பருத்தவர் நோய், நகைப்புக்குரிய நோய் என்னும் எண்ணம் ஊன்றிவிட்டது. மெலிந்தவர்க்கும், சிறிய தாடை உடையவர்க்கும், மாதவிடாய் நின்ற பெண்டிர்க்கும் இது வரும் என்பது பரவலாக உணரப்படப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன.

இரவைப் பார்க்கும் கருவி இதற்குள் உருவாகிவிட்டது. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறக்கத்தினிடையே கண்கள் விரைந்து அசையும் ஒரு நிலை உண்டு என்று காட்டினர். உறக்கம் என்பது விளக்கு அணைவதைப் போன்றதன்று, அதற்குள்ளேயே பல நிலைகள் உண்டு என்பது தெளிவானதும், இரவு முழுவதும் உறங்குபவரைப் பதிவு செய்யும் ஆர்வம் பிறந்தது.

1965-ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்புமுனை. பிரான்சின் மார்சேய் நகரில் காஸ்தோ, தசினாரி, துரோன் ஆகியோரும், ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் யுங், குலோ ஆகியோரும் தனித்தனியே ஒரே செயலைச் செய்தனர். பிக்விக் நோயாளிகளின் மூளையலையையும் மூச்சையும் இரவில் ஒருசேரப் பதிவு செய்தனர். மறை வெளிப்பட்டது. நோயாளி உறங்கியவுடன் மூச்சு நிற்கிறது, மூளை விழிக்கிறது, மூச்சு வருகிறது, மீண்டும் உறங்குகிறார், மீண்டும் நிற்கிறது. இவ்வாறு ஓரிரவில் நூற்றுக்கணக்கான முறை நிகழ்கிறது. காலையில் அவருக்கு ஒன்றும் நினைவில்லை. எட்டு மணி நேரம் படுத்திருந்தவர் உண்மையில் உறங்கவே இல்லை. ஆகவேதான் பகலில் உறங்குகிறார். காஸ்தோ வலிப்பு நோய் வல்லுநர் என்பது குறிப்பிடத்தக்கது. நுரையீரல் மருத்துவர்கள் பகலில் தேடிய விடையை, மூளையலையை ஆராய்ந்தவர்கள் இரவில் கண்டெடுத்தனர்.

இது நிகழும் முறையைச் சிறிது விளக்க வேண்டும். மூச்சுக்குழலில் குருத்தெலும்பு வளையங்கள் உள்ளன. ஆகவே அது எளிதில் மடியாது. அதற்கு மேலே, நாவுக்கும் உள்நாக்குக்கும் பின்னே உள்ள தொண்டைப் பகுதியில் அத்தகைய வளையம் இல்லை; சுற்றியுள்ள தசைகளே அதனைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் அத்தசைகள் தளர்கின்றன. மெல்லிய காகிதக் குழலை வாயில் வைத்து வேகமாக உறிஞ்சினால் அது ஒட்டிக்கொள்வதைப் பிள்ளைகள் அறிவார்கள். அவ்வாறே, ஏற்கெனவே குறுகிய தொண்டை மூச்சை இழுக்கும் விசையால் ஒட்டிக்கொள்கிறது. குறட்டை என்பது குறுகிய வழியில் காற்று அதிரும் ஓசை. ஓசை திடீரென அடங்கினால் வழி அடைபட்டுவிட்டது என்று பொருள். மூளை மூச்சுக்கு ஆணையிட மறந்துபோகும் வேறொரு வகையும் உண்டு, அது அரிது. பத்து வினாடிகளுக்குக் குறையாமல் மூச்சு நிற்பதை ஒரு தடை என்று கணக்கிடுகின்றனர். மூச்சு பெரிதும் குறைவதையும் இதனுடன் சேர்ப்பார்கள். மணிக்கு 5 முதல் நோய். 15 முதல் நடுத்தரம். 30-க்கு மேற்பட்டால் கடுமை.

இத்தாலியின் பொலோன்யா நகரில் எலியோ லுகரேசி என்பவர் தம் துணைவருடன், உறங்குவோரின் இரத்த அழுத்தத்தை இரவெல்லாம் அளந்து, ஒவ்வொரு மூச்சுத்தடையோடும் அது எகிறுவதைக் காட்டினார். பகலுறக்கம் மட்டுமன்றி இதயமும் இதில் சிக்கியுள்ளது என்பது அதனால் விளங்கிற்று. அந்நாளில் ஒரே பரிகாரம், கழுத்தின் முன்புறம் மூச்சுக்குழலில் துளையிடுவது. பகலில் துளையை மூடிக்கொண்டு பேசலாம். இரவில் திறந்துகொண்டு உறங்கலாம். குலோ 1969-இல் இதனை வெளியிட்டார். தொண்டையின் அடைப்பைத் தாண்டி நேரே காற்று செல்வதால், பல்லாண்டு பகலுறக்கம் விரைவிலேயே மறைந்தது. ஆனால் வாழ்நாளெல்லாம் கழுத்தில் துளையுடன் வாழ எத்தனை பேர் இசைவர்?

1972-இல் பிரெஞ்சு மருத்துவர் கிறிஸ்தியான் கில்மினோ, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திற்கு வந்து, உறக்க ஆய்வாளர் வில்லியம் டெமென்டுடன் சேர்ந்தார். உறங்குபவரின் மூளையை மட்டும் பதிந்தால் போதாது, மூச்சையும் இதயத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அவர்களிடம் வந்த தொடக்க நோயாளிகளுள் ஒருவன் சுமார் பத்து வயதுச் சிறுவன். பத்து வயதில் கடுமையான இரத்த அழுத்தம்! உறக்கத்தில் மூச்சு நிற்பதே காரணம் என்று கில்மினோ சொன்னதைக் குழந்தை மருத்துவர்கள் எளிதில் ஏற்கவில்லை. கழுத்தில் துளையிட்ட பின் அழுத்தம் தணிந்தது. 1976-இல் எட்டுக் குழந்தைகளின் உறக்க மூச்சுத்தடையைப் பற்றி அவரும் துணைவரும் தனிக் கட்டுரை வெளியிட்டனர். ஹில் எழுதி எண்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் குழந்தைகள் மீண்டும் கவனிக்கப்பட்டனர். பெரும்பாலான குழந்தைகளுக்கு டான்சிலையும் அடினாய்டையும் அகற்றுவதே இன்றும் முதற்பரிகாரம்.

பெரியவர்க்கு நல்ல வழி பிறந்தது ஆஸ்திரேலியாவில். சிட்னிப் பல்கலைக்கழகத்தின் காலின் சல்லிவன், நாய்களின் உறக்க மூச்சை ஆராய்ந்தவர். அவற்றின் மூக்குக்கு முகமூடி செய்து பழகியவர். 1980-ஆம் ஆண்டு சூன் திங்களில் கடுமையாக நோயுற்ற ஒருவர் அவரிடம் வந்தார். கழுத்தில் துளையிட அவர் இசையவில்லை. ஓரிரவு சோதனைக்கு மட்டும் உடன்பட்டார். மூக்கில் பொருந்தும் கவசத்தைப் பசையால் ஒட்டி, காற்றடிக்கும் இயந்திரம் ஒன்றுடன் குழாயால் இணைத்து, மெல்ல அழுத்தத்தைக் கூட்டினார் சல்லிவன். உள்ளே புகும் காற்றே தொண்டையை விரித்துப் பிடித்துக்கொண்டது. குறட்டை நின்றது, மூச்சு சீராயிற்று. அழுத்தத்தைக் குறைத்தால் நோய் திரும்பிற்று, கூட்டினால் மறைந்தது. அன்றிரவு ஆழ்ந்து உறங்கிய அம்மனிதர் மறுநாள் விழிப்புடன் இருந்தார். ஐந்து நோயாளிகளைப் பற்றிய அவர் கட்டுரை 1981-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. பிராட்பென்ட் 1877-இல் எழுதிய அதே இதழ். இன்று சிபாப் என்று வழங்கும் கருவியின் பிறப்பு இதுவே. என்னைக் கேட்டால், இந்த ஓர் இரவுக்கு மருத்துவ வரலாற்றில் இன்னும் பெரிய இடம் தருவேன்.

நோய் அரிதன்று என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் டெர்ரி யங் என்னும் ஆய்வாளர், மருத்துவமனைக்கு வராத, வேலை பார்த்துக்கொண்டிருக்கும் 602 பேரை ஓரிரவு உறங்கவைத்துச் சோதித்தார். அவர்கள் 30 முதல் 60 வயது வரையிலான மாநில அரசு ஊழியர்கள். ஆடவருள் நூற்றுக்கு 24 பேருக்கும் பெண்டிருள் 9 பேருக்கும் மணிக்கு ஐந்துக்குக் குறையாத மூச்சுத்தடை இருந்தது. 1993-இல் இது வெளிவந்தது. 2019-இல் வெளியான ஒரு மதிப்பீடு, 30 முதல் 69 வயதினருள் உலகெங்கும் 93.6 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்கிறது. ஆசிய மக்களுக்கு, முக எலும்பின் அமைப்பால், அதிகப் பருமன் இல்லாமலே இந்நோய் வருவதும் தெரியவந்துள்ளது.

சிபாப் கருவியைச் சர்வரோக நிவாரணி என்று சொல்லிவிடலாகாது. 2016-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ உடைய 2,717 பேரிடம் சோதித்தபோது, பகலுறக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை குறைந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே அதனை அணிந்தனர் என்பதும் உண்மை. எடை குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், மதுவை விலக்குதல், தாடையை முன்தள்ளும் பற்கருவி, அறுவை ஆகிய வழிகளும் தகுதிக்கேற்ப உள்ளன. உடற்பருமனுடன் நடுத்தர, கடும் நோய் உடையவர்க்கு டிர்செபடைடு என்னும் எடை குறைக்கும் ஊசிமருந்தை 2024 திசம்பரில் அமெரிக்க அரசு ஏற்றது.

என் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் பிறர்க்குப் பயன் உண்டு. முதலில் நான் ஒரு மருத்துவரிடம் தனியே சென்று, "இரவில் சரியாக உறக்கமில்லை, பகலில் அசதி" என்று மட்டும் கூறினேன். அவர் உறக்க மாத்திரை தந்தார். இந்நோய்க்குச் சில உறக்க மருந்துகள் எதிரானவை. தசையை மேலும் தளர்த்தி, விழிப்பையும் தாமதிக்கும். பிழை அவருடையது மட்டும் அன்று. நான் சொன்னது பாதிக்கதை. மீதிக்கதை என் மனைவியிடம் இருந்தது. அடுத்த முறை அவள் உடன் வந்தாள். கைப்பேசியில் என் உறக்கத்தைப் படமெடுத்தும் வந்தாள். நெஞ்சக நோய் மருத்துவர் அதை இருமுறை பார்த்தார். பின்னர் எட்டுக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைத் தந்தார். படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, பேருந்தில் செல்லும்போது உறங்கிவிடும் வாய்ப்பு எவ்வளவு என்று, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இட வேண்டும். மெல்போர்ன் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991-இல் வகுத்த முறை அது. பத்துக்கு மேற்பட்டால் ஆராய வேண்டும். நான் 24-க்கு 16 பெற்றேன். வாழ்நாளெல்லாம் பிறர்க்கு மதிப்பெண் இட்டவனுக்கு அந்த மதிப்பெண் உறுத்தியது.

பின்னர் ஓரிரவு உறக்க ஆய்வுக்கூடத்தில் படுத்தேன். தலையிலும் மார்பிலும் கம்பிகள். மூக்கின் கீழ் ஒரு குழாய். விரலில் பிராணவாயு அளக்கும் கவ்வி. அடுத்த அறையில் ஓர் இளம்பெண் இரவு முழுவதும் விழித்திருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கு 41 முறை என்று கணக்கு வந்தது. பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் இத்தகைய கூடங்கள் உள்ளன. வீட்டிலேயே அணிந்து உறங்கும் சிறு கருவிகளாலும் பலர்க்குச் சோதிக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நெஞ்சக நோய் மருத்துவரிடமோ முதலில் செல்லலாம். கருவியின் விலை பல்லாயிரம் ரூபாய். எளியவர்க்கு அது பெரும் சுமை என்பதை மறைப்பதற்கில்லை. முதல் இரண்டு வாரம் கவசம் எனக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. மூன்றாம் வாரம் ஒருநாள் பிற்பகல் நாளிதழை முதற்பக்கம் முதல் கடைசிப்பக்கம் வரை உறங்காமல் படித்து முடித்தேன்.

சென்ற ஆண்டு பழைய மாணவர் ஒருவர் வழியாக அந்த எட்டாம் வகுப்பு மாணவனின் கைப்பேசி எண்ணைப் பெற்றேன். அவன் இப்போது சரக்கு லாரி ஓட்டுகிறான். வயது நாற்பதைக் கடந்துவிட்டது. நான் பெயர் சொன்னதும், "நான்தான் சார், கும்பகர்ணன்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குறட்டை உண்டா என்று கேட்டேன். கிளீனர் பையன் அவன் அருகில் படுக்கவே மாட்டான் என்றான். ஓட்டும்போது கண் அயர்ந்தது உண்டா என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமலிருந்து, "ரெண்டு தடவை சார்" என்றான். என் மருத்துவரின் பெயரையும், அவர் இருக்கும் நாட்களையும் சொன்னேன். அவன் மனைவியிடமும் பேசி, உறக்கத்தைப் படமெடுத்து வரும்படி கூறினேன். அடுத்த லோடு இறக்கிவிட்டு வருவதாகச் சொன்னான், சொன்னபடி வந்தான். சோதனைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அன்றிரவு நானும் உடன் செல்கிறேன்.